இன்ஃப்ளிக்ஸிமாப் டிரிப்ஸ் ரிவ்யூ: மருந்து நல்லா வேலை செய்யுது, ஆனா இதெல்லாம் தெரிஞ்சுக்கிட்டு போங்க

குரோன்ஸ்ங்கிற குடல் அழற்சி நோய்க்காக இன்ஃப்ளிக்ஸிமாப் போட்டுக்கிட்டு இருக்கேன், பல வருஷமாவே. டாக்டர் முதல்ல இந்தப் பேரைச் சொன்னதும் எல்லாரும் பண்றதைத்தான் நானும் பண்ணேன், போனை எடுத்து தேடினேன். ஒரு பக்கம் "புது வாழ்க்கை கிடைச்சிடுச்சு"ன்னு எழுதியிருக்காங்க, அடுத்த பக்கம் "டிபி வரும், கேன்சர் வரும், பக்கத்துலயே போகாதீங்க"ன்னு எழுதியிருக்காங்க. படிச்சிட்டு ராத்திரி தூக்கமே வரல. இப்போ இத்தனை வருஷம் போட்டதுக்கு அப்புறம் சொல்றேன், ரெண்டு பக்கமும் பொய் சொல்லல. மருந்து நிஜமாவே வேலை செய்யுது, ஆபத்தும் நிஜமாவே இருக்கு. ஆனா அந்த ஆபத்துல நிறைய விஷயம் டெஸ்ட் எடுத்தா முன்னாடியே தெரிஞ்சிடும், மீதியில நிறைய நாம சீக்கிரம் போய் சொன்னா அடக்கிடலாம். சொல்லாம வீட்டுலயே வச்சுக்கிட்டு இருக்கிறதுதான் ஆளைக் கவுத்துடுது.

முதல்ல மருந்து என்னன்னு சுருக்கமா. நம்ம உடம்புல டிஎன்எஃப் ஆல்ஃபான்னு ஒரு புரதம் இருக்கு, வீக்கம், அழற்சி எல்லாத்தையும் கிளப்பிவிடுற வேலை அதோடது. குரோன்ஸ், பெருங்குடல்ல புண் வர்ற அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், முடக்குவாதம், சோரியாசிஸ், முதுகெலும்பை இறுக்குற ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ், இதுலல்லாம் அது அளவுக்கு மீறி இருக்கும். அதைப் பிடிச்சு கட்டிப்போடுற மோனோகுளோனல் ஆன்டிபாடிதான், அதாவது லேப்ல தயார் பண்ற எதிர்ப்புப் புரதம்தான் இன்ஃப்ளிக்ஸிமாப். அமெரிக்காவுல மருந்துக்கு அனுமதி கொடுக்கிற எஃப்டிஏ 1998ல குரோன்ஸுக்குத்தான் முதல்ல அனுமதி கொடுத்தாங்க, அடுத்த வருஷம் முடக்குவாதத்துக்கும் கொடுத்தாங்க. இது முழுக்க மனுஷ புரதம் கிடையாது, ஒரு பகுதி சுண்டெலியோடது, அதனாலதான் சில பேர் உடம்பு இதை வேத்தாளா பாத்து எதிர்க்குது. இதை மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

குரோன்ஸுக்கு கிலோவுக்கு 5 மி.கி., முதல் டோஸ், ரெண்டு வாரத்துல ஒண்ணு, ஆறாவது வாரத்துல ஒண்ணு, அதுக்கப்புறம் 8 வாரத்துக்கு ஒரு தடவை. முடக்குவாதத்துக்கு 3 மி.கி.ல ஆரம்பிப்பாங்க, கூடவே மெத்தோட்ரெக்ஸேட்ங்கிற எதிர்ப்பு சக்தியை அடக்குற மருந்தும் இருக்கும். எனக்கு ரெண்டாவது டோஸுக்குள்ளயே வித்தியாசம் தெரிஞ்சுது. எங்க கிளம்பினாலும் பாத்ரூம் எங்க இருக்குன்னு முதல்ல விசாரிக்கிற நிலைமை போச்சு, ஸ்டீராய்டு மாத்திரையையும் மெதுவா குறைச்சு நிறுத்த முடிஞ்சுது. எல்லாருக்கும் இப்படி ஆகும்னு சொல்ல மாட்டேன், சிலருக்கு இது கேக்கவே கேக்காது, சிலருக்கு கொஞ்ச நாள் கேட்டுட்டு அப்புறம் நின்னுடும். எனக்கு கேட்டுது, அதுக்கு நான் ரொம்ப கடமைப்பட்டிருக்கேன்.

இப்போ முக்கியமான விஷயம், மருந்து ஏத்துறதுக்கு முன்னாடி எடுக்கிற டெஸ்ட். டிபி டெஸ்ட் எடுக்காம யாராவது "அவசரம், இன்னைக்கே ஆரம்பிச்சிடலாம்"னு சொன்னா தயவுசெஞ்சு நிறுத்தி கேளுங்க. காரணம் என்னன்னா, நிறைய பேர் உடம்புல டிபி கிருமி எப்பவோ நுழைஞ்சு தூங்கிக்கிட்டு இருக்கும், நோய் எதுவும் காட்டாது, நோய் எதிர்ப்பு செல்கள் அதைச் சுத்தி கோட்டைச் சுவர் மாதிரி கட்டி உள்ளயே அடைச்சு வச்சிருக்கும். அந்தச் சுவர் இடியாம நிக்கிறதுக்கே டிஎன்எஃப் வேணும். நாம மருந்தைப் போட்டு டிஎன்எஃப்பை அடக்கினதும் சுவர் தளருது, கிருமி வெளிய வந்துடுது, அதுவும் நுரையீரலோட நிக்காம உடம்பு முழுக்க பரவலாம். அதனால தோல்ல ஊசி போட்டு பாக்கிற டெஸ்டோ இல்ல ரத்தத்துல பாக்கிற இக்ரா டெஸ்டோ, கூடவே நெஞ்சு எக்ஸ்ரே, இது கட்டாயம். தூங்குற டிபி இருக்குன்னு தெரிஞ்சா முதல்ல அதுக்கு மருந்து, அப்புறம்தான் இது. இன்னொண்ணு, ஏற்கனவே ஸ்டீராய்டு சாப்பிட்டுக்கிட்டு இருக்கிறவங்களுக்கு டெஸ்ட் நெகட்டிவ்னு தப்பா காட்ட வாய்ப்பு இருக்கு, அதனால வீட்டுல யாருக்காவது டிபி இருந்துச்சா, சின்ன வயசுல நமக்கு வந்துச்சான்னு டாக்டர் கேக்கலைன்னாலும் நாமளே சொல்லிடணும். டெஸ்ட் நெகட்டிவா வந்தவங்களுக்கும் மருந்து போடும்போது டிபி வந்திருக்கு, அதனால ஒரு தடவை எடுத்தாச்சு முடிஞ்சுதுன்னு இருந்துடக் கூடாது.

அதே மாதிரி ஹெபடைட்டிஸ் பி. கல்லீரல்ல பதுங்கி இருக்கிற வைரஸ் இந்த மருந்தால எழுந்துக்கலாம், உயிருக்கே ஆபத்தா போனதும் உண்டு. ரத்த டெஸ்டுல தெரிஞ்சிடும். இதயம் பலவீனமா இருக்கிறவங்க, மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் மாதிரி நரம்பு நோய் இருந்தவங்க, முன்னாடி கேன்சர் வந்தவங்க, இவங்கல்லாம் முதல் நாளே அதை சொல்லியாகணும். தடுப்பூசி விஷயத்துல ஒரே ஒரு விதிதான், உயிருள்ள கிருமி வச்சு செய்யிற தடுப்பூசி எதுவும் இந்த மருந்து ஓடும்போது போடக் கூடாது, தட்டம்மை, சின்னம்மை, மஞ்சக் காய்ச்சல் ஊசியெல்லாம் அந்த வகை. ஃப்ளூ ஊசி, நிமோனியா ஊசி போட்டுக்கலாம், போட்டுக்கிறது நல்லதும் கூட.

சரி, டிரிப்ஸ் போடுற நாள். போனதும் வெயிட் பாப்பாங்க, பிபி, பல்ஸ், டெம்பரேச்சர் எடுப்பாங்க, காய்ச்சல் இருக்கா, இருமல் இருக்கா, யூரின் போகும்போது எரியுதா, பல்லுல சீழ் ஏதாவது இருக்கான்னு கேப்பாங்க. இதுக்கெல்லாம் "ஒண்ணும் இல்ல சிஸ்டர்"னு சும்மா சொல்லிடாதீங்க. இன்ஃபெக்‌ஷன் இருந்தா அன்னைக்கு போடாம தள்ளி வைப்பாங்க, தள்ளி வச்சாலும் பரவாயில்ல.

மருந்து கலக்குறதை ஒரு தடவை பக்கத்துல நின்னு பாக்க விட்டாங்க, அதுல எனக்கு நம்பிக்கை ரொம்ப கூடிச்சு. சின்ன பாட்டில்ல வெள்ளையா 100 மி.கி. பவுடர். அதுல 10 மில்லி ஸ்டெரைல் வாட்டரை நேரா பவுடர் மேல அடிக்காம கண்ணாடி ஓரமா மெதுவா இறக்கினாங்க. அப்புறம் பாட்டிலை குலுக்கவே இல்ல, உள்ளங்கையில வச்சு வட்டமா சுழட்டினாங்க, அவ்வளவுதான். குலுக்கினா நுரை கட்டிக்கும், இது புரதம், கெட்டுப்போயிடும்னு சொன்னாங்க. நுரை அடங்க 5 நிமிஷம் அப்படியே வச்சாங்க. வெளிச்சத்துல தூக்கிப் பாத்தாங்க, நிறமே இல்லாமயோ லேசா மஞ்சளாவோ இருக்கலாம், கண்ணாடி மாதிரி ஒண்ணு ரெண்டு துகள் தெரிஞ்சாலும் சரி, ஆனா கலங்கலா, கெட்டியா ஏதாவது மிதந்தா போடக் கூடாது. அப்புறம் 250 மில்லி சலைன் பையில இருந்து மருந்தோட அளவுக்கு சலைனை எடுத்துட்டு அந்த இடத்துல மருந்தை ஏத்தினாங்க. சலைன் மட்டும்தான், குளுக்கோஸ்ல கலக்க மாட்டாங்க. டியூப்ல ஒரு சின்ன ஃபில்டர் இருக்கும், 1.2 மைக்ரான் இல்ல அதுக்கும் சின்னது. அந்த லைன்ல வேற எந்த மருந்தும் சேத்து விடக் கூடாது. கலக்கி 3 மணி நேரத்துக்குள்ள ஏத்த ஆரம்பிச்சிடணும், ஏத்துறது குறைஞ்சது 2 மணி நேரம். 60 கிலோ இருக்கிறவருக்கு 300 மி.கி., அப்போ 3 பாட்டில், நீங்களே கணக்கு போட்டு பாத்துக்கலாம், கேட்டா யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க.

எனக்கு ரியாக்‌ஷன் வந்தது ரெண்டாவது டோஸ்ல. ஏத்த ஆரம்பிச்சு கொஞ்ச நேரம் இருக்கும், நான் போனைப் பாத்துக்கிட்டு இருக்கேன், அந்தப் பக்கமா போன சிஸ்டர் நின்னு "ஏம்மா, உள்ளங்கையை ஏன் சொறிஞ்சுக்கிட்டே இருக்கீங்க?"ன்னு கேட்டாங்க. எனக்கு அதுவரைக்கும் அது தோணவே இல்ல. "தெரியல சிஸ்டர், லேசா அரிக்குது"ன்னேன். அடுத்த வார்த்தை பேசல, முதல்ல டிரிப்ஸை நிறுத்திட்டாங்க, அப்புறம்தான் பிபி, ஆக்சிஜன் எல்லாம் பாத்தாங்க, டாக்டரைக் கூப்பிட்டாங்க. "மூச்சு விட கஷ்டமா இருக்கா? நெஞ்சு இறுக்குதா? தொண்டை அடைக்கிற மாதிரி இருக்கா?" எதுவும் இல்ல, முகம் மட்டும் சூடா இருந்துச்சு, கழுத்துல சிவந்து தடிச்சிருந்துச்சு. அலர்ஜிக்கு ஊசி போட்டு அடங்கினதும் ரொம்ப மெதுவா மறுபடி ஆரம்பிச்சு பாத்து பாத்து கூட்டினாங்க, மீதி மருந்து பிரச்சனை இல்லாம ஏறிடுச்சு. அதுக்கப்புறம் ஒவ்வொரு தடவையும் முன்னாடியே அலர்ஜி மாத்திரையும் பாராசிட்டமாலும் கொடுத்துடுறாங்க, மறுபடி வரல.

இந்த இன்ஃப்யூஷன் ரியாக்‌ஷன் அபூர்வம் கிடையாது. மருத்துவ ஆய்வுகள்ல சுமார் 5 பேர்ல ஒருத்தருக்கு வந்திருக்கு, மருந்தே இல்லாம வெறும் டிரிப்ஸ் போட்டவங்கள்லயே 10 பேர்ல ஒருத்தருக்கு ஏதோ ஒண்ணு வந்திருக்கு. பெரும்பாலும் அரிப்பு, தலைவலி, குளிர், காய்ச்சல், படபடப்பு இப்படி லேசானதுதான், பயங்கரமா வந்தது 100ல ஒருத்தருக்கும் குறைவு. ஆனா அந்த ஒருத்தர் நாமளா இருக்கலாம்ல, அதனால எபிநெஃப்ரின் (கடுமையான அலர்ஜிக்குப் போடுற அவசர மருந்து), ஆக்சிஜன், ஒரு டாக்டர், இந்த மூணும் கைக்கெட்டுற தூரத்துல இருக்கிற இடத்துலதான் போடணும். மூச்சுத் திணறி பிபி இறங்குற அளவுக்கு வந்துச்சுன்னா அந்த மருந்தை மறுபடி தொடவே கூடாது. முடிஞ்சதும் குறைஞ்சது ஒரு மணி நேரம் அங்கயே உக்காந்திருங்க, ஆரம்பத்துல ரெண்டு மணி நேரம் வச்சிருப்பாங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு கேனுலாவை கழட்டச் சொல்லாதீங்க.

இதுல ஒரு இடத்தைப் பத்தி மனக்குறை இருக்கு, பேர் வேணாம். வேற ஊருக்கு போயிருந்தப்ப ஒரு டோஸ் அங்க போட வேண்டி வந்துச்சு, மூடுற நேரம் ஆகுதுன்னு டிரிப்ஸ் ஸ்பீடை யாரையும் கேக்காம கூட்டிட்டாங்க. முதல் 3 டோஸை 2 மணி நேரத்துல நல்லா தாங்கின பெரியவங்களுக்கு டாக்டர் பாத்து ஒரு மணி நேரத்துல ஏத்தலாம்னு ஐரோப்பாவுல அனுமதி இருக்கு, அது எனக்கும் தெரியும். ஆனா ரியாக்‌ஷன் வந்த ஆளுக்கு, என் ஃபைலைக்கூட திறந்து பாக்காம, வீட்டுக்கு போகணும்ங்கிற காரணத்துக்காக கூட்டுறது ரொம்ப தப்பு. நான் சொன்னதும் குறைச்சாங்க. பேசத் தெம்பு இல்லாத வயசானவங்க அந்த இடத்துல இருந்திருந்தா யாரு சொல்லியிருப்பா, அதை நினைச்சா இன்னும் கோவம் வருது.

வீட்டுக்கு வந்ததுக்கு அப்புறம் வர்ற ரியாக்‌ஷனைப் பத்தி யாரும் சரியா சொல்றதே இல்ல. 3 நாள்ல இருந்து 12 நாளுக்குள்ள வரலாம். காய்ச்சல், மூட்டு வலி, உடம்பு வலி, தோல்ல தடிப்பு, முகமும் கையும் வீங்குறது, முழுங்க கஷ்டம். பாத்தா வைரல் ஃபீவர் மாதிரியே இருக்கும், பக்கத்துல இருக்கிற டாக்டர்கிட்ட போனா அவரும் வைரல்னுதான் நினைப்பாரு, ஒரு வாரத்துக்கு முன்னாடி இந்த டிரிப்ஸ் போட்டோம்னு நாமதான் சொல்லணும். இது குறிப்பா யாருக்கு வருதுன்னா ரொம்ப நாள் இடைவெளி விட்டு மறுபடி ஆரம்பிக்கிறவங்களுக்கு. முன்னாடி சொன்னேன்ல, ஒரு பகுதி சுண்டெலி புரதம்னு. இடைவெளி விட்டா உடம்பு அதுக்கு எதிரா ஆன்டிபாடி தயார் பண்ணி வச்சுக்குது, மறுபடி மருந்து உள்ள போனதும் பாஞ்சுடுது. அதனால நல்லா இருக்கேன்னு நாமளா ஒரு டோஸை விடுறது, தள்ளிப் போடுறது எல்லாம் ஆபத்து. தவிர்க்க முடியலைன்னா டாக்டர்கிட்ட சொல்லி அவங்க எப்படி மறுபடி ஆரம்பிக்கணும்னு முடிவு பண்ணட்டும். மருந்து கேக்கிறது குறையிற மாதிரி இருந்தா அடுத்த டோஸுக்கு முன்னாடி ரத்தத்துல மருந்து எவ்வளவு இருக்கு, ஆன்டிபாடி வந்திருக்கான்னு பாக்கிற டெஸ்ட் இருக்கு, கேளுங்க.

இப்போ காய்ச்சல். இந்த ரிவ்யூல ஒரே ஒரு விஷயம் ஞாபகம் வச்சுக்கணும்னா இதுதான். டிஎன்எஃப் அடங்கி இருக்கும்போது நிமோனியா, ரத்தத்துல கிருமி, பூஞ்சைத் தொற்று, லிஸ்டீரியா, லீஜியோனெல்லாங்கிற பாக்டீரியா தொற்று மாதிரி மத்தவங்களுக்கு அவ்வளவா வராததும் வரலாம், வந்தா வேகமா முத்தும். பாராசிட்டமால் போட்டுக்கிட்டு மூணு நாள் பாப்போம்ங்கிறது மத்தவங்களுக்கு சரி, நமக்கு சரி கிடையாது. 38 டிகிரி செல்சியஸ் தாண்டுச்சா, அன்னைக்கே போன் பண்ணி சொல்லணும். ராத்திரி வேர்த்துக் கொட்டுது, காரணமில்லாம எடை குறையுது, இருமல் வாரக்கணக்கா நிக்கல, இது டிபியா இருக்கலாம். பல் டாக்டர், கண் டாக்டர், யார்கிட்ட போனாலும் முதல் வார்த்தை "நான் இன்ஃப்ளிக்ஸிமாப் போடுறேன்". ஆபரேஷன் இருந்தா கண்டிப்பா முன்னாடியே. பர்ஸ்ல ஒரு சீட்டுல மருந்து பேரும் கடைசி டோஸ் தேதியும் எழுதி வச்சிருக்கேன், நாம பேச முடியாத நிலைமையில இருந்தாலும் அது பேசும். காய்ச்சாத பாலும் சரியா வேகாத கறியும் வேணாம், லிஸ்டீரியாவுக்காக.

மத்த சைடு எஃபெக்ட்ஸ் வேகமா சொல்லிடுறேன். கண்ணு மஞ்சளாச்சு, யூரின் கருத்துப் போச்சுன்னா கல்லீரல். கால் வீங்கி படுத்தா மூச்சு வாங்குச்சுன்னா இதயம். பார்வை மங்குறது, கை கால் மரத்துப் போறது நரம்பு. கன்னத்துலயும் கையிலயும் வெயில் பட்டா கூடுற தடிப்பு, கூடவே மூட்டு வலின்னா லூபஸ் (நம்ம எதிர்ப்பு சக்தியே நம்ம உடம்பைத் தாக்குற நோய்) மாதிரி ஒண்ணு, மருந்தை நிறுத்தினா பெரும்பாலும் போயிடும். சோரியாசிஸுக்கு கொடுக்கிற இதே மருந்து சிலருக்கு உள்ளங்கை, உள்ளங்கால்ல புதுசா சோரியாசிஸைக் கிளப்பிவிடும், எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்கு வந்து மருந்தையே மாத்த வேண்டியதாப் போச்சு.

கேன்சர் பயத்துக்கு நேரா பதில் சொல்றேன். லிம்ஃபோமாங்கிற நிணநீர் கேன்சர் பத்தி மருந்தோட பேப்பர்லயே பெரிய எச்சரிக்கை போட்டிருக்காங்க, மறைக்கிற விஷயம் இல்ல. ஹெபடோஸ்ப்ளீனிக் டி செல் லிம்ஃபோமான்னு ரொம்ப அபூர்வமான, ரொம்ப மோசமான ஒண்ணு இருக்கு, அது பெரும்பாலும் குரோன்ஸ், கொலைட்டிஸ் இருக்கிற இளம் ஆண்கள்ல, கூட அசதயோப்ரின் இல்ல மெர்காப்டோபியூரின்னு எதிர்ப்பு சக்தியை அடக்குற மாத்திரை சேத்து சாப்பிட்டவங்கள்ல வந்திருக்கு. அந்த மாத்திரை இந்த மருந்துக்கு எதிரா ஆன்டிபாடி உண்டாகாம தடுக்குது, அதனாலதான் சேத்து கொடுக்கிறாங்க, நல்லதும் கெட்டதும் ஒரே மாத்திரையில. பையனுக்கு ஆரம்பிக்கிற அம்மா அப்பா இதை டாக்டர்கிட்ட தனியா உக்காந்து கேக்கணும். தோல்ல புது மச்சம், ஆறாத புண்ணு வந்தா காட்டணும், பெண்கள் கர்ப்பப்பை வாய் டெஸ்டை விடவே கூடாது.

கர்ப்பமா இருக்கிறவங்க பயந்துபோய் தானா நிறுத்திடாதீங்க, நோய் கிளம்பினா அதுவும் குழந்தைக்கு ஆபத்து, பேசி முடிவெடுக்கலாம். ஆனா இந்த மருந்து நச்சுக்கொடி வழியா குழந்தைக்கு போகும், மாசக்கணக்குல அதோட ரத்தத்துல இருக்கும். அதனால பிறந்த குழந்தைக்கு பிசிஜி (டிபிக்கான தடுப்பூசி), ரோட்டா வைரஸ் சொட்டு மாதிரி உயிருள்ள தடுப்பு மருந்தை குறைஞ்சது 6 மாசம் தள்ளி வைக்கணும், ஐரோப்பாவுல 12 மாசம்னு சொல்றாங்க. பிசிஜி போட்டு ஒரு குழந்தை இறந்தே போயிருக்கு. பிரசவம் பாக்கிற இடத்துல பழக்கத்துல பிறந்ததும் பிசிஜி போட்டுடுவாங்க, அதனால பிரசவத்துக்கு முன்னாடியே சொல்லி ஃபைல்ல எழுத வச்சிடுங்க, கூட இருக்கிறவங்களுக்கும் சொல்லி வைங்க.

பயோசிமிலர், அதாவது ஒரிஜினல் மருந்தை மாதிரியே வேற கம்பெனி தயார் பண்றது, அதை நம்பலாமான்னு நிறைய பேர் கேக்குறாங்க. ஐரோப்பாவுல 2013ல இருந்து அனுமதி இருக்கு, நார்வேல நார்-ஸ்விட்ச்னு ஒரு ஆய்வு 2017ல வெளியாச்சு, ஒரிஜினல்ல இருந்து மாத்தினவங்க அதுலயே தொடர்ந்தவங்களை விட 52 வாரத்துல மோசமாகலன்னு காட்டினாங்க. நானும் மாத்திட்டேன், வித்தியாசம் தெரியல. ஆனா எந்த பிராண்ட், எந்த பேட்ச் நம்பர்னு ஒவ்வொரு டோஸுக்கும் எழுதி வைக்கிறேன், ஏதாவது ஆனா எதால ஆச்சுன்னு கண்டுபிடிக்க அது வேணும், நமக்குத் தெரியாம மாத்தவும் கூடாது.

கடைசியா எல்லாரும் கேக்குற கேள்வி, நல்லாயிட்டா நிறுத்திடலாமா? 2012ல வெளியான ஸ்டோரின்னு ஒரு ஆய்வுல, நல்லா அடங்கி இருந்த குரோன்ஸ் ஆளுங்களுக்கு இன்ஃப்ளிக்ஸிமாப்பை நிறுத்திப் பாத்தாங்க, ஒரு வருஷத்துக்குள்ள கிட்டத்தட்ட 100ல 44 பேருக்கு திரும்ப வந்துடுச்சு. திரும்ப வந்தவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு மறுபடி போட்டதும் கேட்டுது, அது ஆறுதல். என் டாக்டர்கிட்ட இதை வச்சு பேசினேன், இப்போதைக்கு தொடரலாம்னு முடிவு பண்ணியிருக்கோம், அடுத்த வருஷம் ஸ்கோப் பாத்துட்டு மறுபடி பேசுவோம். மருந்துக்கு 5க்கு 4 கொடுக்கிறேன், அந்த ஒண்ணு போனது ரியாக்‌ஷனுக்காக. நான் போடுற டே கேர் சிஸ்டர்ஸுக்கு 5க்கு 5.